வெள்ளியைச் சுடுவது எது?

சூரியனுக்கு மிகப் பக்கத்தில் இருக்கும் கோள் புதன். ஆகவே மிகச் சூடான கோளும் புதன்தான் என்று நினைப்பது இயல்பு. உண்மையில் அந்தப் பட்டம் இரண்டாவதாக இருக்கும் வெள்ளிக்குப் போகிறது. புதன் சூரியனிடமிருந்து சராசரியாக 5.8 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது, வெள்ளி 10.8 கோடி. ஏறக்குறைய இரண்டு மடங்கு தள்ளி இருந்தும் வெள்ளியின் தரை 464 டிகிரி செல்சியஸில் காய்கிறது. ஈயம் 327 டிகிரியில் உருகும், துத்தநாகம் 420 டிகிரியில். இரண்டுமே அங்கே குழம்பாகத்தான் கிடக்கும். சுக்கிர திசை வந்தால் யோகம் என்று காத்திருப்பவர்கள், சுக்கிரனின் தரை எப்படி இருக்கிறது என்று ஒருமுறை விசாரித்துவிட்டுக் காத்திருப்பது நல்லது.

கரியமில வாயு, பசுங்குடில் விளைவு என்று காரணத்தை நாலு சொல்லில் முடித்துவிடலாம். பலரும் அப்படித்தான் முடிக்கிறார்கள். அது தப்பும் இல்லை. ஆனால் அதைக் கேட்டவருக்கு ஒரு பெயர் கிடைக்குமே தவிர, 464 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று விளங்காது. டீயை ஊற்றிக்கொள்ளுங்கள். அவசரமில்லாமல் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் புதனை முடித்துவிடலாம், அது எளிது. புதனுக்குச் சொல்லிக்கொள்ளும்படியான காற்று கிடையாது. வெயில் அடிக்கும் பக்கம் 430 டிகிரி வரை ஏறுகிறது. ஆனால் சூரியன் மறைந்தால் அந்தச் சூட்டைப் பிடித்துவைக்க அங்கே எதுவும் இல்லை. நம் கணக்கில் 88 நாள் நீளும் அந்த இரவில், தரை பூஜ்யத்துக்குக் கீழே 180 டிகிரிவரை இறங்கிவிடுகிறது. துருவங்களின் பள்ளங்களில் சூரியன் எட்டிப் பார்க்காத மூலைகள் இருக்கின்றன. அங்கே பனிக்கட்டியே கிடக்கிறது. 1990களின் தொடக்கத்தில் ரேடார் அதற்கான தடயம் கொடுத்தது. 2012இல் மெசஞ்சர் விண்கலம் உறுதிசெய்தது. சூரியனுக்கு இவ்வளவு பக்கத்தில் பனிக்கட்டி! பக்கத்தில் இருப்பதால் மட்டும் ஒரு கோள் சூடாக இருந்துவிடாது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

வெள்ளிக்கு வருவோம். அது தன்னைத்தானே சுற்ற 243 நாள் எடுத்துக்கொள்கிறது, அதுவும் நாம் சுற்றும் திசைக்கு எதிர்த்திசையில். கணக்குப் பார்த்தால் ஒரு சூரிய உதயத்திலிருந்து அடுத்ததற்கு 117 நாள். ஆக, இரவு மட்டும் சுமார் 58 நாள். இரண்டு மாத இரவில் தரை குளிர்ந்திருக்க வேண்டாமா? குளிரவில்லை. நடுப்பகலுக்கும் நள்ளிரவுக்கும் வித்தியாசம் அநேகமாக இல்லை. நிலநடுக்கோட்டுக்கும் துருவத்துக்கும் இல்லை. அச்சின் சாய்வு மூன்று டிகிரிக்கும் குறைவு என்பதால் பருவகாலமும் கிடையாது. சித்திரையும் மார்கழியும் ஒன்றுதான்.

கொஞ்சமாவது குளிர்ச்சி வேண்டுமென்றால் மலை ஏற வேண்டும். மேக்ஸ்வெல் மலைத்தொடர் 11 கிலோமீட்டர் உயரம், எவரெஸ்ட்டைத் தாண்டியது. அதன் உச்சியில் வெப்பம் 380 டிகிரி அளவுக்கு இறங்குகிறது. வெள்ளிக்கு அதுதான் மலைவாசஸ்தலம். அந்த உச்சிகள் ரேடாரில் பளிச்சென்று தெரிகின்றன. கீழே ஆவியாகும் உலோகச் சேர்மங்கள் மேலே போய்ப் பனிபோல் படிகின்றனவோ என்று ஒரு சந்தேகம் உண்டு. ஈயமும் பிஸ்மத்தும் கந்தகத்தோடு சேர்ந்த பொருள்கள் அந்தச் சந்தேகப் பட்டியலில் இருக்கின்றன.

இனி வரவு செலவுக் கணக்கு. இதில்தான் பெரிய ஆச்சரியம் ஒளிந்திருக்கிறது. வெள்ளியின் மேல் விழும் வெயில், ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 2,600 வாட். பூமிக்குக் கிடைப்பது 1,361. அதாவது நம்மைவிட 1.9 மடங்கு. ஆனால் வெள்ளியைக் கந்தக அமில மேகங்கள் முழுவதுமாக மூடியிருக்கின்றன. வரும் வெளிச்சத்தில் நாலில் மூன்று பங்கை அவை அப்படியே திருப்பி அனுப்பிவிடுகின்றன. விடிகாலையில் வெள்ளி அவ்வளவு பிரகாசமாகத் தெரிவது இதனால்தான். நம் கண்ணுக்கு வரும் அந்த ஒளி, வெள்ளி வேண்டாமென்று தள்ளிவிட்ட ஒளி. மிச்சத்தைக் கோளின் முழுப் பரப்புக்கும் பகிர்ந்து பார்த்தால், வெள்ளி உள்ளே வாங்கிக்கொள்வது சதுர மீட்டருக்குச் சுமார் 160 வாட். பூமி வாங்கிக்கொள்வது 240.

மறுபடி ஒருமுறை பாருங்கள். சூரியனிடமிருந்து பூமி பெறும் சூட்டைவிட வெள்ளி பெறும் சூடு குறைவு. அதிலும் மேகத்தைத் தாண்டித் தரைவரை வந்து சேர்வது, மேலே விழுந்ததில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்குதான். அங்கே நின்று அண்ணாந்து பார்த்தால் சூரியன் தெரியாது. ஆரஞ்சு நிறத்தில் ஒரு மூட்டம் தெரியும். இந்த வரவை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் வெள்ளியின் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 45 டிகிரி இருக்க வேண்டும். இருப்பதோ 464. நடுவில் 500 டிகிரிக்கு மேல் விழும் இந்த இடைவெளியைத்தான் விளக்க வேண்டியிருக்கிறது.

எந்தக் கோளும் எவ்வளவு சூட்டை வாங்குகிறதோ அவ்வளவைத் திருப்பி விண்வெளிக்கு அனுப்பியாக வேண்டும். இல்லாவிட்டால் அது சூடாகிக்கொண்டே போகும். திருப்பி அனுப்பும் வழி அகச்சிவப்புக் கதிர். கண்ணுக்குத் தெரியும் ஒளியைக் கரியமில வாயு ஒன்றும் செய்வதில்லை. ஆனால் அகச்சிவப்பைக் கண்டால் விழுங்கிவிடும். விழுங்கியதை எல்லாப் பக்கமும் உமிழும். அதை அடுத்த அடுக்குக் காற்று விழுங்கும். இப்படிக் கைமாறிக் கைமாறி மேலே போனால், ஓர் உயரத்தில் காற்று மெலிந்து, கதிர் தடையில்லாமல் வெளியே போகும். அந்த உயரத்தை வெளியேறும் உயரம் என்று வைத்துக்கொள்வோம். விண்வெளிக்குப் போகும் சூடு அங்கிருந்துதான் போகிறது. ஆகவே வரவும் செலவும் ஒத்துப்போக வேண்டிய இடமும் அதுதான். தரையைப் பற்றி இந்தக் கணக்குக்கு நேரடியாகக் கவலையில்லை.

பூமிக்கு அந்த உயரம் சராசரியாக ஐந்து கிலோமீட்டர். அங்கே வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரி. அங்கிருந்து கீழே இறங்கினால் கிலோமீட்டருக்கு ஆறரை டிகிரி வீதம் ஏறும். ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குப் பஸ்ஸில் இறங்கி வந்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை; பர்லியார் வருவதற்குள் ஸ்வெட்டரைக் கழற்றியிருப்பார்கள். ஐந்தை ஆறரையால் பெருக்கினால் 33க்குப் பக்கம். கீழே 18லிருந்து 33 ஏறினால் 15 டிகிரி. பூமியின் சராசரி வெப்பநிலை அதுதான்.

இதே கணக்கை வெள்ளிக்குப் போடுங்கள். வெளியேறும் உயரம் மேகங்களின் உச்சியில், சுமார் 66 கிலோமீட்டர். அங்கே பூஜ்யத்துக்குக் கீழே 45 டிகிரி. கீழே இறங்கினால் கிலோமீட்டருக்குச் சராசரியாக 7.7 டிகிரி ஏறும். பெருக்கினால் 508. கூட்டிக் கழித்தால் 463. பெரிய கம்ப்யூட்டர் மாதிரிகள் நூறு நுணுக்கங்களைச் சேர்த்துத்தான் இந்த எண்ணுக்கு வருகின்றன. நாம் முழு எண்ணாக்கிச் சுருக்கிக்கொண்டோம். ஆனால் கதையின் எலும்புக்கூடு இவ்வளவுதான். வெள்ளி இப்படிக் காய்வதற்குக் காரணம், சூடு வெளியேறும் வாசல் 66 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பது.

வாசல் ஏன் அவ்வளவு மேலே போனது? காற்று அவ்வளவு கனம். வெள்ளியின் தரையில் காற்றழுத்தம் பூமியில் இருப்பதைப்போல் சுமார் 92 மடங்கு. நம் கடலில் 900 மீட்டர் ஆழத்தில் இருக்கும் அழுத்தம் அது. அந்தக் காற்றில் நூற்றுக்கு 96.5 பங்கு கரியமில வாயு. மீதி பெரும்பாலும் நைட்ரஜன். கரியமில வாயு தனியாக இருந்தால் அகச்சிவப்பின் சில அலைநீளங்களை விட்டுவிடும். அந்தச் சந்துகளைக் கொஞ்சமே கொஞ்சம் இருக்கும் நீராவியும், கந்தக டை ஆக்சைடும், அமில மேகங்களும் அடைத்துவிடுகின்றன. போதாததற்கு, அழுத்தம் கூடக்கூடக் கரியமில வாயு விழுங்கும் அலைநீளங்களின் பட்டையே அகலமாகிறது.

இந்த இடத்தில் ஒரு கேள்வி அடிக்கடி வரும். காற்று அழுத்தப்பட்டால் சூடாகும்தானே, அழுத்தம் மட்டுமே காரணமாக இருக்கக் கூடாதா? சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பக்கம் சுடுகிறது என்பது நிஜம். ஆனால் அடித்து முடித்துக் கொஞ்ச நேரம் விட்டால் பம்பு ஆறிவிடும். உள்ளே அழுத்தம் அப்படியே இருந்தாலும் ஆறிவிடும். வெள்ளியின் காற்று 92 மடங்கு அழுத்தத்தோடு அகச்சிவப்புக்கு வழிவிடும் வாயுவாக இருந்திருந்தால், தரையே நேரடியாக விண்வெளிக்குச் சூட்டை அனுப்பி எப்போதோ ஆறியிருக்கும். அழுத்தம் தருவது, கீழே இறங்க இறங்கச் சூடு ஏறும் அந்தச் சரிவை மட்டும். அந்தச் சரிவு எந்த உயரத்திலிருந்து தொடங்க வேண்டும் என்று முடிவுசெய்வது பசுங்குடில் வாயுக்கள். இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் இந்த விஷயத்தில் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

மேகம் மூடிய கோளின் அடியில் இப்படி ஓர் உலை இருக்கிறதென்று மனிதனுக்கு எப்படித் தெரிந்தது என்பது தனிக் கதை. மேகம் என்றால் தண்ணீர், தண்ணீர் என்றால் செழிப்பு என்றுதான் நெடுநாள் நினைத்தார்கள். கரியமில வாயு பூமியைச் சூடாக்கும் என்று முதன்முதலில் கணக்குப் போட்ட ஸ்வீடன் விஞ்ஞானி ஸ்வாந்தே அரீனியஸே, 1918இல் வெள்ளியை ஈரம் சொட்டும் சதுப்புநிலமாகத்தான் கற்பனை செய்தார். 1932இல் அமெரிக்காவின் மவுண்ட் வில்சன் ஆய்வகத்தில் ஆடம்ஸும் டன்ஹாமும் அங்கே கரியமில வாயு இருப்பதைக் கண்டார்கள். 1940இல் ரூபர்ட் வில்ட் அந்த வாயு தரையைச் சூடாக்கும் என்று எழுதினார். அப்போது பெரிதாக யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

1956இல் வாஷிங்டனில் கடற்படை ஆய்வகத்தைச் சேர்ந்த கார்னல் மேயர் குழு வெள்ளியிலிருந்து வரும் நுண்ணலைகளை அளந்தது. அளவு 300 டிகிரிக்கு மேல் காட்டியது. எது அவ்வளவு சூடு? தரையா, அல்லது மேல்வளியில் மின்னேற்றம் பெற்ற துகள்கள் எழுப்பும் இரைச்சலா? தரைதான் என்று வாதாடியவர்களில் இளைஞர் கார்ல் சேகனும் ஒருவர். தீர்ப்புச் சொல்ல ஒரு சோதனை இருந்தது. சூடு கீழிருந்து வந்தால், வட்டின் விளிம்பில் கதிர் அதிகக் காற்றைக் கடந்து வர வேண்டும், ஆகவே விளிம்பு மங்கும். மேலிருந்து வந்தால் விளிம்பு பிரகாசிக்கும். 1962 டிசம்பர் 14 அன்று மரினர் 2 வெள்ளியைக் கடந்துபோனபோது பார்த்தது, விளிம்பு மங்கியிருந்தது. வேறொரு கோளுக்குப் போய்த் தகவல் அனுப்பிய முதல் கலம் அதுதான்.

ஆனாலும் பழைய கனவு எளிதில் விடவில்லை. 1967இல் வெள்ளிக்குள் இறங்கிய சோவியத்தின் வெனேரா 4, ஒருவேளை தண்ணீரில் விழுந்தால் மிதக்கும்படி கட்டப்பட்டிருந்தது. தண்ணீர் பட்டதும் கரைந்து ஆண்டெனாவை விடுவிக்க, சர்க்கரையில் செய்த ஒரு பூட்டும் அதில் உண்டு. கலம் தரைக்கு வெகு மேலேயே மௌனமாகிவிட்டது. மூன்று ஆண்டுகள் கழித்து, 1970 டிசம்பர் 15 அன்று, வெனேரா 7 தரையைத் தொட்டு 23 நிமிடம் மெல்லிய குரலில் பேசியது. அது சொன்ன வெப்பநிலை 475 டிகிரி. 1982 மார்ச்சில் வெனேரா 13 வண்ணப்படம் அனுப்பியதோடு 127 நிமிடம் தாக்குப்பிடித்தது. அந்தத் தரையில் எந்தக் கருவியும் அதைவிட அதிக நேரம் உயிரோடு இருந்ததில்லை. அதன் ஜோடிக் கலம் வெனேரா 14 நாலு நாள் கழித்து இறங்கி, மண்ணின் உறுதியைச் சோதிக்க ஒரு கையை நீட்டியது. கை போய் விழுந்த இடத்தில், கேமராவிலிருந்து சற்றுமுன் கழன்று விழுந்த அதன் சொந்த மூடி கிடந்தது. அத்தனை கோடி கிலோமீட்டர் போய் மூடியை அழுத்திப் பார்த்துவிட்டு வந்த கதை அது.

எல்லா இடமும் இப்படி இல்லை. தரையில் காற்று ஆள் நடக்கும் வேகத்துக்குக்கூட அநேகமாக வராது. மேக உச்சியிலோ மணிக்கு 360 கிலோமீட்டர். 243 நாளில் சுற்றும் கோளை அதன் மேகங்கள் நாலே நாளில் சுற்றி வருகின்றன. கந்தக அமிலத் தூறல் விழுகிறது, ஆனால் தரைக்கு வருமுன் ஆவியாகிவிடுகிறது. 54 கிலோமீட்டர் உயரத்தில் நம் கோடைநாள் அளவு வெப்பமும், பூமியில் இருப்பதில் பாதி காற்றழுத்தமும்தான். 1985இல் சோவியத்தின் வேகா கலங்கள் அங்கே இரண்டு பலூன்களை விட்டன. ஒவ்வொன்றும் இரண்டு நாள்போல மிதந்து, 11,000 கிலோமீட்டர் பயணம் செய்தது.

இவ்வளவு கரியமில வாயு வெள்ளிக்கு எங்கிருந்து கிடைத்தது என்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி. அதற்கு விசேஷமாக எதுவும் கிடைக்கவில்லை. பூமியிடம் இருக்கும் மொத்தக் கார்பனும் ஏறத்தாழ அதே அளவுதான். நம்முடையது கல்லாகிக் கிடக்கிறது. மழைநீர் காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கரைத்து மென்மையான அமிலமாகிறது. அது பாறையை அரிக்கிறது. ஆறு அதைக் கடலுக்குக் கொண்டுபோகிறது. சிப்பியும் பவளமும் நுண்ணுயிர்களும் அதில் ஓடு கட்டுகின்றன. ஓடுகள் அடியில் படிந்து சுண்ணாம்புக்கல்லாகின்றன. அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் ஆலைகள் தோண்டும் சுண்ணாம்புக்கல், டைனோசர் காலத்தில் அங்கே இருந்த கடல் இப்படிச் சேமித்தது. அதில் ஒரு டன்னைச் சூளையில் சுட்டால் சுமார் 440 கிலோ கரியமில வாயு பிரியும். உலகிலுள்ள சுண்ணாம்புக்கல் அத்தனையையும் சுட்டுக் காற்றில் விட்டால், நம் வானமும் வெள்ளியின் வானத்தைப்போல் கனக்கும்.

கார்பனைக் கல்லாக்கத் தண்ணீர் வேண்டும். வெள்ளியிடம் அது இல்லை. முன்பு இருந்தது என்பதற்குத் தடயம் உண்டு. 1978இல் பயனியர் வீனஸ் கலங்கள் அளந்தபோது, சாதாரண ஹைட்ரஜனோடு ஒப்பிட்டால் கன ஹைட்ரஜனாகிய டியூட்டீரியம் பூமியில் இருப்பதைவிட நூறு மடங்குக்கு மேல் இருந்தது. லேசானது பறந்துபோய்க் கனமானது தங்கினால்தான் விகிதம் இப்படி ஆகும். நீராவியும் ஒரு பசுங்குடில் வாயு. சூடு கூடினால் ஆவி கூடும், ஆவி கூடினால் சூடு கூடும். ஓர் எல்லையைத் தாண்டினால் கடல் முழுவதும் ஆவியாகும்வரை இது நிற்காது என்று 1969இல் ஆண்ட்ரூ இங்கர்சால் கணக்கிட்டுக் காட்டினார். மேலே போன நீராவியைப் புறஊதாக் கதிர் உடைக்க, ஹைட்ரஜன் விண்வெளிக்குத் தப்பியது. பிறகு எரிமலைகள் கக்கும் கார்பனைக் கட்டிப்போட ஆளில்லை.

அப்படியென்றால் பூமியும் வெள்ளியாகிவிடுமா? நிலக்கரியும் பெட்ரோலும் எரித்து அந்த எல்லையைத் தாண்ட முடியாது. இதைச் சொல்லிப் பயமுறுத்துவது எனக்கு உடன்பாடில்லை. ஆனால் மேலே பார்த்த கணக்கு நமக்கும் அதே கணக்குதான். தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்காக இருந்த கரியமில வாயு இன்று 420ஐத் தாண்டிவிட்டது. அது இரட்டிப்பானால் வெளியேறும் உயரம் சுமார் 150 மீட்டர் மேலே போகும். ஆறரை டிகிரிச் சரிவில் அதற்கு ஒரு டிகிரி. நீராவியும் உருகும் பனியும் சேர்ந்து அதைப் பெருக்கும். 1988இல் அமெரிக்க செனட்டில் புவி சூடாகிறது என்று சாட்சியம் சொன்ன ஜேம்ஸ் ஹான்சன், அதற்கு முன்பு வெள்ளியின் மேகங்களை ஆராய்ந்தவர் என்பது தற்செயல் இல்லை என்று நினைக்கிறேன். நிஜமான வெள்ளிக் கதி வருவதற்குச் சூரியன் இப்போதிருப்பதைவிடப் பத்து சதவீதம் பிரகாசமாக வேண்டும். அதற்குச் சுமார் 100 கோடி ஆண்டு இருக்கிறது.

வெள்ளியில் அந்தத் தண்ணீர் எப்போதாவது கடலாகக் கிடந்ததா, அல்லது தொடக்கம் முதல் ஆவியாகவே இருந்து தப்பிப்போனதா என்பதில்தான் இன்று சண்டை. 2016இல் மைக்கேல் வே குழுவின் மாதிரி, வெள்ளியில் நெடுங்காலம் கடலும் மிதமான தட்பவெப்பமும் இருந்திருக்கலாம் என்றது. 2021இல் மார்ட்டின் டர்பே குழு மறுத்தது: இளம் வெள்ளியின் மேகங்கள் இரவுப் பக்கத்தில் திரண்டு, சூட்டை வெளியே விடாமல் தடுத்திருக்கும்; ஒரு சொட்டு மழைகூடப் பெய்திருக்காது. என் சாய்வு டர்பே பக்கம், ஆனால் அது வெறும் சாய்வு. இந்தியா 2028 மார்ச்சில் அனுப்பத் திட்டமிட்டிருக்கும் கலத்துக்கு 2024 செப்டம்பரில் 1,236 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. அது வெள்ளியைச் சுற்றி வரும், இறங்காது. இறங்கப்போவது நாசாவின் டாவின்ச்சி. ஆல்ஃபா என்ற மேட்டுநிலத்தின் மேல் அது ஒரு மணி நேரம்போல விழுந்துகொண்டே காற்றை முகர்ந்து, பாறையைப் படமெடுக்கும். அந்த மேடு கிரானைட் வகைப் பாறையாக இருந்தால் கடல் கட்சி வலுக்கும். ஏனென்றால் அந்த வகைப் பாறை கண்டம் கண்டமாகத் திரளத் தண்ணீர் வேண்டும். சுற்றிலும் இருப்பதைப்போல வெறும் எரிமலைப் பாறைதான் என்று தெரிந்தால், வெள்ளியில் மழையே பெய்ததில்லை என்பவர்களின் கை ஓங்கும்.